பின்சக்கரம் சறுக்கட்டும்

டயர் எத்தனை நாள் உழைக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. வாங்குகிறவன் கேட்கிறான், விற்கிறவன் கேட்கிறான், மாதக் கூட்டத்தில் பெரிய நாற்காலியில் உட்காருகிறவரும் அதைத்தான் கேட்கிறார். டயர் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடமும் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிற ஆளாக இருந்தால், தயவுசெய்து வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதே பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதிகாரம் பண்ணுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டி ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது. இளகிய ரப்பர் ரோட்டைக் கவ்வும், சீக்கிரம் தேயும். இதெல்லாம் உங்களுக்குப் பாடத்திலேயே வந்திருக்கும். நான் சொல்லப்போவது பாடத்தில் வராத ஒன்று. ஒரு டயரை எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதில் நான் பிடித்த பிடிவாதமும், அதனால் என் குடும்பத்துக்குள் வந்த வினையும்.

ஐம்பதுகளில் ஓசூரில் தொழிற்பேட்டை ஏது. நீங்கள் ஷிப்டுக்கு வந்து இறங்குகிற இந்த இடமெல்லாம் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மேடு. நான் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டயர் ஷெட்டில் வேலை பார்த்தேன். எங்கள் பஸ்கள் ஓசூருக்கும் கெலமங்கலத்துக்கும் நாகரசம்பட்டிக்கும் ஓடின. புது டயர் நினைத்த நேரத்தில் கிடைக்காது. மெட்ராஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் டயரை உழைக்க வைப்பவன்தான் அந்த ஷெட்டில் பெரிய ஆள்.

இந்தப் பெருமைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு சடங்கே இருந்தது. ஆயுத பூஜை அன்று, அந்த வருடம் வரை அதிக காலம் ஓடித் தேய்ந்த டயரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அந்த டயர் எந்த ஷெட்டிலிருந்து வந்ததோ அந்த ஷெட் மேஸ்திரிக்கு முதலாளி தன் கையால் வேட்டி, துண்டு கொடுப்பார். வேட்டி பெரிய விஷயமில்லை. தர்மபுரி ஷெட்காரர்கள் முன்னால் அதை வாங்குவதுதான் விஷயம். எங்கள் மேஸ்திரி அதற்காக வருடம் முழுக்கக் கணக்குப் போடுவார். நல்ல வேலைக்காரர், கை சுத்தமானவர். ஆனால் பூஜை நெருங்கினால் அவருக்குக் கண் தெரியாது.

இனி செக்கிங் இன்ஸ்பெக்டர் நாராயணப்பாவுக்கு வருகிறேன். பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, ஏறி, டிக்கெட் சரிபார்ப்பது அவர் வேலை. அதற்காகக் கம்பெனி அவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. எந்த ரோட்டில் எந்த வளைவில் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களைத் திட்டும்போது தமிழ். டிரைவர், கண்டக்டர், கிளீனர் என்று கம்பெனியில் அவரைப் பிடித்த ஒரு ஆளைக் காட்டுங்கள் என்றால் காட்ட முடியாது.

எனக்கு அவரைப் பிடிக்காததற்குத் தனிக் காரணம் இருந்தது. என் தங்கை புருஷன் முனிராஜ் அதே கம்பெனியில் கண்டக்டர். டிக்கெட் கொடுக்காமல் ஆட்களை ஏற்றினான் என்று நாராயணப்பா எழுதிக் கொடுத்து, அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நான் மேனேஜர் அறை வாசலில் தவம் கிடந்து அவனைத் திரும்பச் சேர்க்க வைத்தேன். இன்னொரு தடவை மாட்டினால் வேலை போய்விடும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். என் தங்கைக்கு அப்போது கைக்குழந்தை.

"டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துடு மாப்ள. உன் கால்ல உளுந்து கேக்கறேன்" என்று அவனிடம் சொன்னேன்.

"கெலமங்கலம் சந்தக் கூட்டத்த நீ பாத்திருக்கியா? மூட்டைய ஏத்தறதா, டிக்கெட்டக் கிழிக்கறதா?" என்றான். அவன் பதில் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயம். நாராயணப்பாவின் வண்டியில் முன் டயரைக் கல் கிழித்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்திருந்ததோ ஒரே ஒரு புது டயர். அந்த வண்டிக்கு முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு, எந்த டயரை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். பின்னால் ஓடிக்கொண்டிருந்தது ரொம்ப நாள் உழைத்த டயர். நேர்ரோட்டில் ஓடி ஓடி நடுவில் ரோட்டைக் கவ்வுகிற ரப்பர் பட்டன்கள் எல்லாம் அழிந்து தட்டையாகிவிட்டது. ஓரத்தில் மட்டும் பட்டன் மிச்சம் இருந்தது. மேஸ்திரி பூஜைக்குக் கண் வைத்திருந்தது அந்த டயர்மேல்தான். பஸ் டயர்களோடு மோட்டார் சைக்கிள் டயரும் போட்டிக்கு வரலாம் என்று முதலாளியிடம் பேசி வைத்திருந்தார்.

"புதுச பின்னாடி மாட்டு. பின்னாடி இருக்கறதக் கழட்டி முன்னாடி போடு" என்றார் மேஸ்திரி. "முன்சக்கரம் சும்மா உருள்றதுதானே. இழுக்கறதெல்லாம் பின்சக்கரம். முன்னாடி கெடந்தா பூஜ வரைக்கும் தேயாம கெடக்கும்."

இது அவர் மட்டும் செய்த வேலை இல்லை. இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் செய்தார்கள். பின்னால் தேய்ந்ததை முன்னால் போட்டு மிச்சம் பிடிப்பது சாமர்த்தியம் என்று நினைத்தார்கள். டயரின் ஆயுளை மட்டும் பார்த்தால் அது சாமர்த்தியம்தான். பின்சக்கரத்தில் தேய்கிற வேகத்தில் முன்சக்கரத்தில் தேயாது.

ஆனால் நான் ரிப்பேர் முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கிறவன். நடுவில் தட்டையான டயர் நேரே போகும்போது கம்மென்று போகும். வளைவில் சாய்த்தால்தான் அதன் குணம் தெரியும். அடியைச் சீவிய இளநீரை மேசைமேல் வைத்துப் பாருங்கள். நிற்கும். கொஞ்சம் சாய்த்தால் விளிம்பைத் தாண்டிச் சட்டென்று புரளும். பின்சக்கரத்தில் அப்படிப் புரண்டால் வண்டியின் பின்பக்கம் ஆடும், உட்கார்ந்திருக்கிற இடமே சொல்லிவிடும், காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரத்தில் புரண்டால் சொல்லிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. ஆள் ரோட்டில் கிடப்பான்.

"முன்னாடி இதப் போட மாட்டேன் மேஸ்திரி" என்றேன்.

"என்னாது?"

"புதுச முன்னாடி போடறேன். இது பின்னாடியே இருக்கட்டும்."

"பின்னாடி இருந்தா பூஜைக்குள்ள ரப்பர் தேஞ்சு உள்நூல் தெரிஞ்சுரும்டா. அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான்."

"தெரியட்டும்."

அவர் கையிலிருந்த, டயர் நெம்புகிற லிவரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனார். பக்கத்தில் டியூப் ஒட்டிக்கொண்டிருந்த கோவிந்தன் என்னிடம் நெருங்கி வந்தான். "ஏன்டா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மேஸ்திரி சொல்றாரு, மாட்டிட்டுப் போ. அந்த ஆளு எங்கனா உளுந்து எந்திரிச்சான்னா எல்லாருக்கும் நல்லது. உன் தங்கச்சி புருசனுக்குந்தான் நல்லது. உன்ன யார் கேக்கப்போறாங்க?"

அவன் சொன்னது உண்மை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேஸ்திரி சொன்னார், மாட்டினேன், அவ்வளவுதான். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சுக்குள் ஆசை எழுந்தது. நாராயணப்பா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பதை நினைத்தால் இனிக்கத்தான் செய்தது. ஆனால் காலோடு போகும் என்று எவன் உத்தரவாதம் கொடுப்பான்? ஓசூர் ரோட்டில் மேலுமலை வளைவில் விழுகிறவனுக்குப் பின்னாலேயே கல் லாரி வரும். அந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பது வேறு, அவன் சாகும்படி டயர் மாட்டுவது வேறு. புது டயரை எடுத்தேன், முன்சக்கரத்தில் மாட்டினேன். எங்கள் ஷெட்டில் யார் மாட்டினார்களோ அவர்கள் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் தங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும். வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினேன்.

சாயங்காலம் வண்டியை எடுக்க வந்த நாராயணப்பா முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பின் டயரைப் பூட்ஸ் காலால் உதைத்தார்.

"ஏமய்யா, மலை ஏறி பஸ்ஸ முந்தறது இந்தச் சக்கரந்தானே? இதுல மொட்டை டயர விட்டுட்டு, புதுச முன்னாடி அலங்காரத்துக்குப் போட்டிருக்கியா? உன் தங்கச்சி புருசன் பஸ்ஸ நான் பிடிக்கக் கூடாது, அதானே?"

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஷெட்டில் இருந்தவர்கள் நான் அவருக்குக் குல்லா போடுகிறேன் என்று முணுமுணுக்கிறார்கள். அவரோ நான் பழி வாங்குகிறேன் என்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பஸ்ஸ நீங்க புடிங்க, புடிக்காம போங்க. எனக்கென்ன? முன்னாடி அந்த டயர மாட்ட மாட்டேன்."

"அப்படியா? ஏறு பின்னாடி. மேலுமலை போய்ப் பாக்கலாம்."

ஏறி உட்கார்ந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. குருபரப்பள்ளி தாண்டியதும் ரோடு ஏறத் தொடங்கியது. வேண்டுமென்றே வேகமாக ஓட்டினார். கிருஷ்ணகிரியில் அப்போது கட்டிக்கொண்டிருந்த அணைக்குக் கல் ஏற்றிய லாரிகள் போட்டுவிட்டுப் போன சேறு வளைவுகளில் வழவழவென்று கிடந்தது. அப்படி ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்தார். பின்பக்கம் விலுக்கென்று வெளியே போனது. எதிரே லாரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் ஆக்ஸிலேட்டரை விட்டு, காலைத் தரையில் தேய்த்து, முன்சக்கரத்தை நேரே பிடித்தார். வண்டி இரண்டு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. லாரி எங்களை உரசாத குறையாகப் போனது.

ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"பாத்தியா? வழுக்கிச்சா இல்லியா?" என்று கத்தினார்.

"வழுக்கிச்சு."

"அப்புறம் என்னய்யா உன் டயரு?"

"வழுக்கின பின்னாடியும் நின்னு எங்கிட்டக் கத்தறீங்க இல்ல? முன்சக்கரம் வழுக்கியிருந்தா கத்தறதுக்கு ஆள் இருக்காது. கேக்கறதுக்கு நானும் இருக்க மாட்டேன்."

அவர் வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டினார். அதோடு விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய் டயர் ஷெட்காரன் வேண்டுமென்றே மொட்டை டயரை விட்டுவைத்தான் என்று புகார் கொடுத்தார். மேஸ்திரியும் கூடவே போய், சொன்ன வேலையைச் செய்யாதவன் என்றார். எதிரும் புதிருமான இரண்டு பேர் எனக்கு எதிராக ஒன்று சேர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பஸ்ஸுல தேஞ்ச டயர எங்க சார் போடறோம்?"

"பின்னாடி."

"முன்னாடி ஏன் போடறதில்ல?"

"முன்னாடி போச்சுன்னா வண்டி கைக்கு அடங்காதுய்யா. இது தெரியாதா?"

"நாலு பக்கமும் சக்கரம் வெச்ச பஸ்ஸுக்கே அடங்கலன்னா, ரெண்டே சக்கரத்துக்கு எப்படி சார் அடங்கும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டயர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். எதிர்த்துப் பேசியதற்காக என்னைப் பூஜை வரை டியூப் ஒட்டும் மேசைக்கு மாற்றினார். நியாயம் என் பக்கம் இருந்தால் தண்டனை வராது என்று எவனாவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வரும். வாங்கிக்கொண்டு அடுத்த தடவையும் அதையே செய்ய வேண்டும்.

பின் டயரில் பூஜைக்கு முன்பே நூல் தெரிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து இன்னொரு டயர் வந்து பின்னால் மாட்டினார்கள். ஆயுத பூஜையில் மாலை தர்மபுரி ஷெட்டின் பஸ் டயருக்குப் போனது. எங்கள் மேஸ்திரி பொரி கடலையைக்கூட வாங்காமல் எழுந்து போனார். எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த டயருக்கு மாலை விழுவதற்காக ஓர் ஆள்மேல் மாலை விழ வேண்டியதில்லை.

பூஜை முடிந்த பிறகு ஒரு சந்தை நாள். நல்ல மழை. முனிராஜின் பஸ் கெலமங்கலத்திலிருந்து ஜனத்தை அடைத்துக்கொண்டு ராயக்கோட்டை வழியாக வந்துகொண்டிருந்தது. நாராயணப்பா பின்னாலேயே வந்து, ஒரு வளைவில் பஸ்ஸை முந்தினார். முந்திய இடத்தில் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ரோட்டின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அந்த பஸ்ஸின் டிரைவர் அன்று மத்தியானம் ஷெட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"மாட்டுக் காலுக்குள்ள போயிட்டான்னே நெனச்சேன்பா. பிரேக் அடிச்சான் பாரு, அந்த மழையில முன்சக்கரம் அப்படியே கவ்விப் புடிச்சு நின்னுச்சு. வேற டயரா இருந்திருந்தா நான் அவனைத் துணியில கட்டித்தான் எடுத்துட்டு வந்திருக்கணும்."

"அப்புறம்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்புறம் என்ன? இறங்கி பஸ்ஸ நிறுத்தி ஏறினான். பின்னாடி சீட்டுக்காரங்க ஒருத்தர் கையிலயும் டிக்கெட் இல்ல."

முனிராஜுக்கு அன்றே வேலை போனது.

மறுநாள் காலையில் என் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. எல்லோரும் கேட்கும்படிதான் பேசினாள்.

"நீ போட்ட டயராமே, அண்ணா?"

"ஆமா."

"நல்லாப் புடிச்சு நின்னுச்சாமே."

"ஆமா."

"நின்னுதானே என் புருசன் வேலையத் தின்னான். அன்னிக்கி உன்ன யாரு கேட்டா? மேஸ்திரி சொன்னத மாட்டியிருந்தா இன்னிக்கி என் ஊட்டு அடுப்பு எரியும்."

"எரியும்" என்றேன். "அந்த ஆளு ஊட்டுல எளவு உளுந்திருக்கும்."

"அதப் பத்தி எனக்கென்ன?"

"உனக்கு ஒண்ணும் இல்ல. மாட்டினவன் நான். மாப்ள டிக்கெட் கிழிக்காததுக்கு நான் டயர என்ன பண்ணட்டும்?"

அவள் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு பல வருடங்கள் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. முனிராஜ் ஓசூர்ப் பக்கம் போய்ப் பட்டுக்கூடு வியாபாரிகளிடம் கூலிக்குச் சேர்ந்தான். குழந்தைக்குக் காது குத்தும்போது எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. தாய்மாமன் மடி இல்லாமலே குத்தினார்கள். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. டயரை மாற்றி மாட்டியிருக்கலாம் என்று மட்டும் ஒரு நாளும் நினைத்ததில்லை.

உங்களிடமும் வருவார்கள். டயரைச் சாகாவரம் பெற்றதாக ஆக்கிக் கொடு என்பார்கள். ஈர ரோட்டில் அது பிடிக்காது என்று நீங்கள் சொன்னால் விற்பனையைக் கெடுக்கிறாய் என்பார்கள். விழாமல் வீடு போய்ச் சேர்ந்தவன் எவனும் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டான், ஏனென்றால் அவனுக்கே தெரியாது. பிடிப்பு போதாது என்று உங்கள் கைக்குத் தெரிந்தால் போதாது என்று எழுதுங்கள். அந்த வண்டியில் போகப்போகிறவன் நல்லவனா, உங்களுக்கு வேண்டியவனா என்று பார்க்கிற வேலை நமக்கு இல்லை.

தங்கை வந்து போன அடுத்த வாரம் நாராயணப்பா காற்று அடிக்க வந்தார். கோவிந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நான்தான் ஹோஸை எடுத்துக்கொண்டு போனேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வால்வு மூடியைக் கழற்றினேன். அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"உன் தங்கச்சி புருசன்னு தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன்."

"நீங்கதான்னு தெரிஞ்சுதான் நானும் மாட்டினேன்" என்றேன்.

காற்றுப் பிடித்து முடிந்ததும் மூடியைத் திருகினேன். பின்சக்கரத்துக்கும் பார்க்கவா என்று கேட்டேன். பார் என்றார்.